பாதியில் வெட்டுப்பட்ட படங்கள்: இணையதளக் கோப்புகளை ஏற்ற நம்பகமான மென்பொருள் எது?

பனியன்நூல், திருப்பூர் | வியாழன், இரவு 9.40

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணினியைத் தொடத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனத்தின் இணையதளமும் என் தலையில் வந்து விழுந்தது.

சென்ற செவ்வாய் மாலை, புதிய பருவத்துக்கான குழந்தை உடைகளின் படங்களை ஏற்றத் தொடங்கினேன். மொத்தம் 1,400 படங்கள். பாதி போயிருக்கும், மின்சாரம் போய்விட்டது. இருபது நிமிடம் கழித்து வந்ததும் அதே கோப்புறையை மறுபடியும் இழுத்துப் போட்டேன். மென்பொருள் கடகடவென்று ஓடி 'முடிந்தது' என்றது. நானும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஜெர்மனியிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: சில கவுன்கள் இடுப்பு வரைதான் தெரிகின்றன, கீழே ஒரே சாம்பல் நிறம், இதுதான் புது வடிவமைப்பா என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "துணி வெட்டக் கட்டிங் மாஸ்டர் இருக்கிறார், நீ எதற்கு வெட்டுகிறாய்?" என்றார்.

இப்போது வைத்திருப்பது பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் யாரோ சிடியில் கொடுத்த எஃப்டிபி மென்பொருள் (கணினியில் உள்ள கோப்புகளை இணையதளத்துக்கு அனுப்புவது). அதை நிறுவியவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். அலுவலகக் கணினி விண்டோஸ் 10. இலவசமாக இருந்தால் நல்லது. கொஞ்சம் காசு என்றாலும் கேட்டுப் பார்க்கலாம். இடையில் நின்றாலும் கோப்பைக் கெடுக்காத மென்பொருள் எது?

காந்திபுரம்24, கோவை | வியாழன், இரவு 9.58

ஃபைல்ஜில்லா. பத்து வருடமாக அதுதான். காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேறு பேச்சே வேண்டாம்.

மஞ்சள்மண்டி, ஈரோடு | வியாழன், இரவு 10.25

வேறு பேச்சும் கொஞ்சம் பேசலாம். நான் மூன்று மஞ்சள் வியாபாரிகளின் தளங்களையும் ஒரு பள்ளியின் தளத்தையும் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸில் மட்டும்தான் வேலை என்றால் என் ஓட்டு வின்எஸ்சிபிக்கு. அதுவும் இலவசம், திறமூலம், 2000 முதல் இருக்கிறது. (ஃபைல்ஜில்லா அதற்கு ஒரு வருடம் இளையது.)

காரணம் ஒன்றுதான். எஸ்எஃப்டிபி (எஃப்டிபி செய்யும் வேலையையே பூட்டோடு செய்யும் வழி) வழியாக 100 கேபிக்கு மேற்பட்ட கோப்பை அனுப்பும்போது, வின்எஸ்சிபி முதலில் அதை வேறொரு தற்காலிகப் பெயரில் சர்வரில் (தளம் குடியிருக்கும் கணினியில்) எழுதும். கடைசி பைட் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்றும். நடுவில் மின்சாரம் போனால் சர்வரில் மிஞ்சுவது அரைகுறைத் தற்காலிகக் கோப்பு. தளத்தைப் பார்க்கிறவர் கண்ணில் அது படாது. பழைய படம் இருந்தால் அதுவே தெரியும், இல்லையென்றால் ஒன்றும் தெரியாது. இடுப்போடு நின்ற கவுன் தெரியவே தெரியாது. இந்த வசதிக்காகத் தனியாக எதையும் அமைக்க வேண்டாம், நிறுவும்போதே அப்படித்தான் இருக்கும்.

காந்திபுரம்24, கோவை | வியாழன், இரவு 10.31

அக்கா, வின்எஸ்சிபியின் அந்த நீலச் சாம்பல் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தாலுகா அலுவலகத்தின் ஞாபகம் வருகிறது. ஃபைல்ஜில்லாவில் கீழே மூன்று தாள்கள் இருக்கும்: வரிசையில் உள்ளவை, தோல்வியடைந்தவை, வெற்றி பெற்றவை. எது போகவில்லை என்று கண்ணாலேயே பார்க்கலாம். தோல்வித் தாளில் வலது சொடுக்கு போட்டு எல்லாவற்றையும் மறுபடி வரிசைக்கு அனுப்பிவிடலாம். கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நொய்யல்கரை, கோவை | வெள்ளி, காலை 6.10

பஞ்சாலையின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாலையில் விழித்துக்கொள்வது பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் எந்த மென்பொருளுக்கு மாறினாலும், செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தெரியாமல் மாறினால் அடுத்த மின்தடையிலும் இதுவேதான் நடக்கும். உங்கள் கதையில் எனக்கு இடறிய இடம், இரண்டாம் முறை அது 'கடகடவென்று' ஓடியது. முதலில் போன பாதியை அத்தனை வேகமாக எப்படி முடித்தது? ஏற்கெனவே போனவற்றைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறது. 'அதே பெயரில் கோப்பு இருந்தால் என்ன செய்வது' என்று எல்லா மென்பொருளிலும் ஓர் அமைப்பு இருக்கும். உங்களுடையதில் 'தவிர்' என்று இருக்க வேண்டும். மின்சாரம் போன நொடியில் பாதி ஏறிக்கொண்டிருந்த படங்களும் சர்வரில் பெயரளவில் இருக்கின்றன அல்லவா? அவற்றையும் 'இருக்கிறது' என்று நம்பித் தாண்டிவிட்டது. பெயரைப் பார்த்ததே தவிர எடையைப் பார்க்கவில்லை.

'புதியதாக இருந்தால் மட்டும் மாற்று' என்பது பாதுகாப்பான அமைப்பு போலத் தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் கணினியில் உள்ள படம் போன வாரத்தது. சர்வரில் உள்ள அரைப் படத்துக்கு அது ஏறிய நேரமே தேதியாக விழுந்திருக்கும், அதாவது செவ்வாய். அரைப் படம்தான் 'புதியது'! முழுப் படம் வாசலிலேயே நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் நல்லதுதான், ஆனால் இடையில் அந்தப் படத்தைத் திருத்திச் சேமித்திருந்தால், பழைய தலையோடு புது வாலை ஒட்டிவைத்துவிடும்.

இணையதள வேலைக்குப் பொருத்தமானது 'அளவு வேறுபட்டாலோ மூலம் புதியதாக இருந்தாலோ மாற்று' என்ற அமைப்பு. ஃபைல்ஜில்லாவில் இதே பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது. வின்எஸ்சிபியில் ஒத்திசைவு (இரு பக்கக் கோப்புறைகளையும் ஒன்றுபோல ஆக்குவது) செய்யும்போது நேரம், அளவு இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம்.

உங்கள் பழைய மென்பொருளைத் தூக்கிப்போட வேறொரு காரணம் இருக்கிறது. எஃப்டிபி என்பது 1971இல் எழுதப்பட்ட நெறிமுறை. எழுதியவர் நம் நாட்டுக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். அப்போது வலையில் இருந்தவை ஒரு சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான், திருடன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டை போல அப்படியே போகும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த தாத்து யுலோனென் எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டை உருவாக்கினார். எஸ்எஃப்டிபி அந்தப் பூட்டுக்குள் ஓடுவது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பழைய எஃப்டிபிக்கும் அதற்கும் உறவு கிடையாது, பங்காளிகூட இல்லை.

பனியன்நூல், திருப்பூர் | வெள்ளி, மதியம் 1.15

ஐயா, சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்தேன். 'தவிர்' என்பதேதான் இருந்தது. அதை யார் வைத்தது என்று தெரியவில்லை. வெட்டுப்பட்ட ஒரு படத்தின் அளவைப் பார்த்தேன்: எங்கள் கணினியில் 4 எம்பி, சர்வரில் 1.6 எம்பி. அந்தப் பழைய மென்பொருளில் எஸ்எஃப்டிபி என்ற சொல்லே இல்லை.

ஆனைமலைக்காற்று, பொள்ளாச்சி | வெள்ளி, மதியம் 2.02

எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், படம் ஒன்று 4 எம்பி என்பதை யாரும் கேட்கவில்லையே! 1,400 படங்கள் என்றால் 5,600 எம்பி. உங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 எம்பி) என்று வைத்தால், ஒரு தடங்கலும் இல்லாமலே ஒன்றேகால் மணி நேரம். தளத்தில் பார்ப்பதற்கு ஒரு படம் 300 கேபி இருந்தால் தாராளம். அப்படிச் சுருக்கினால் மொத்தம் 420 எம்பி, ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தேங்காயை மட்டையோடு லாரியில் ஏற்றினால் வாடகைதான் கூடும், உரித்து ஏற்றுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றி, ஹோஸ்டிங் (தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் நிறுவனம்) கட்டுப்பாட்டுப் பலகத்தின் கோப்பு மேலாளரில் பிரித்துவிடலாம். எஃப்டிபியில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஓர் இணைப்பு திறந்து மூட வேண்டும். ஆயிரம் சிறு கோப்புகளுக்கு அதிலேயே பாதி நேரம் போய்விடும். ஜிப் பாதியில் நின்றால் பிரியவே பிரியாது, ஆகவே அரைப் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் மேக் வைத்திருக்கிறேன். சைபர்டக் பயன்படுத்துகிறேன், அது விண்டோஸிலும் கிடைக்கிறது. பார்க்க அழகு. ஆனால் சர்வரையும் கணினியையும் இடமும் வலமுமாக வைத்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு அதன் ஒற்றைச் சன்னல் பிடிக்காது.

வெண்ணெய்மலை, கரூர் | வெள்ளி, மாலை 5.47

ஒத்திசைவு என்று ஐயா சொன்னதால் ஓர் எச்சரிக்கை. நாங்கள் படுக்கை விரிப்பு, மேசைத் துணி செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒத்திசைவு செய்தபோது, 'மறுபக்கம் இல்லாதவற்றை நீக்கு' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். என் கணினியில் இல்லாதவை குப்பைதானே என்ற நினைப்பு. வாடிக்கையாளர்கள் தளத்தின் வழியாக அனுப்பியிருந்த வடிவமைப்புப் படங்கள் ஒரு கோப்புறை நிறைய சர்வரில் இருந்தன. அவை என் கணினியில் எப்படி இருக்கும்? ஒரு நிமிடத்தில் துடைத்துவிட்டது. பழுது மென்பொருளில் இல்லை, சொன்னதைத்தான் செய்தது. ஹோஸ்டிங்காரரிடம் காப்புப்பிரதி கேட்டால், எட்டு நாள் பழையதைக் கொடுத்தார்கள். அந்த எட்டு நாள் படங்களுக்காக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

நீக்கும் கட்டத்தைத் தொடாதீர்கள். முன்னோட்டம் காட்டும், அதை முழுதாகப் படித்த பிறகு சரி என்று அழுத்துங்கள்.

காந்திபுரம்24, கோவை | வெள்ளி, மாலை 6.20

அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபைல்ஜில்லாவில் ஒப்பீடு மட்டும் செய்யலாம், அது எதையும் மாற்றாது. ஒரு பக்கம் மட்டும் உள்ள கோப்பு மஞ்சள், அளவு மாறியது சிவப்பு, புதியது பச்சை. பனியன்நூல், உங்கள் இடுப்பு கவுன்கள் எல்லாம் சிவப்பாக நிற்கும். அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்பினால் போதும்.

ஒரு சிறு குறிப்பு: சாதாரண எஃப்டிபியில் தானியங்கி முறை இருந்தால், எழுத்துக் கோப்புகளை அனுப்பும்போது வரி முடிவுக் குறியை மாற்றிவிடும். அதனால் நல்ல கோப்புகூட அளவு மாறிச் சிவப்பாகத் தெரியலாம். முறையை 'பைனரி' (எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று வைத்துவிடுங்கள். எஸ்எஃப்டிபியில் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள்மண்டி, ஈரோடு | வெள்ளி, இரவு 8.05

இரண்டில் எதை எடுத்தாலும் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். தேடுபொறியில் பெயரை அடித்து, மேலே வருகிற விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2014 தொடக்கத்தில் ஃபைல்ஜில்லாவைப் போலவே இருக்கும் போலிப் பதிப்புகள் பரவின; நன்றாகவே வேலை செய்யும், கூடவே கடவுச்சொல்லையும் வெளியே அனுப்பும். 2024இல் வின்எஸ்சிபியின் பெயரில் தேடல் விளம்பரங்கள் வழியாக அதே வேலை நடந்தது. ஃபைல்ஜில்லாவின் சொந்தப் பக்கத்திலும் முதலில் கண்ணில் படுகிற நிறுவியோடு வேறு மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்ததுண்டு. கூடுதல் பதிவிறக்கத் தேர்வுகளுக்குள் போனால் வெறும் மென்பொருள் கிடைக்கும்.

கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொன்னால், முதன்மைக் கடவுச்சொல் (சேமித்த எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டும் ஒரே சொல்) போட்டுச் சேமியுங்கள். ஃபைல்ஜில்லாவில் 2017 வரை அந்த வசதியே இல்லை, கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால் எல்லாத் தளங்களின் சாவியும் அப்படியே கிடக்கும். 2009இல் கம்ப்ளர் என்ற தீநிரல் இப்படித் திருடிய எஃப்டிபி சாவிகளைக் கொண்டுதான் ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் புகுந்தது.

பனியன்நூல், திருப்பூர் | சனி, முற்பகல் 11.30

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டேன். எங்கள் திட்டத்தில் எஸ்எஃப்டிபி உண்டு, ஆனால் எஸ்எஸ்ஹெச் அனுமதியை நாம் கேட்டு வாங்க வேண்டுமாம், வாசல் எண்ணும் (சர்வருக்குள் எந்த வழியாக நுழைவது என்ற எண்) வழக்கமான 22 அல்லவாம், வேறு. வாங்கிவிட்டேன். இரண்டையும் நிறுவிப் பார்த்தேன். முதலில் ஃபைல்ஜில்லாவில் பழைய எஃப்டிபியோடு முயன்றேன்; ஒரே நேரத்தில் போகும் கோப்புகளை 10 ஆக்கினேன். கொஞ்ச நேரத்தில் 421 என்று பிழை வரிசையாக வந்தது. பிறகு வின்எஸ்சிபியில் எஸ்எஃப்டிபி. அது முதல் முறையிலேயே நீளமான ஓர் எழுத்து வரிசையைக் காட்டி, இந்தச் சர்வரை நம்புகிறாயா என்று கேட்கிறது. கைரேகை வைக்கச் சொன்னால் யோசிப்போமே, அதுபோல யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நொய்யல்கரை, கோவை | சனி, மதியம் 12.05

யோசித்தது நல்லது. அது சர்வரின் கைரேகைதான், உங்களுடையது அல்ல. ஹோஸ்டிங் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதே வரிசையைப் போட்டிருந்தால் ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஏற்றால் மறுபடி கேட்காது. பின்னொரு நாள் திடீரென்று 'கைரேகை மாறிவிட்டது' என்று எச்சரித்தால், சர்வரை மாற்றினார்களா என்று விசாரிக்கும் வரை உள்ளே போகாதீர்கள்.

421 உங்கள் அவசரத்தால் வந்தது. ஒரு கணக்குக்கு இத்தனை இணைப்பு என்று பல சர்வர்களில் வரம்பு உண்டு. பத்துப் பேர் ஒரே டவுன்பஸ் படியில் தொங்கினால் நடத்துநர் விசில் அடிக்கத்தான் செய்வார். ஃபைல்ஜில்லாவில் முதலில் இருந்தபடி 2 என்றே விடுங்கள்.

எஸ்எஃப்டிபி கிடைக்காதவர்கள் இதைப் படித்தால்: எஃப்டிபிஎஸ் என்ற இன்னொரு வழி இருக்கிறது, அது பழைய எஃப்டிபிக்கே மறைகுறியாக்கப் போர்வை போர்த்தியது. தள அமைப்பில் 'இருந்தால் பயன்படுத்து' என்று இருப்பதை 'கட்டாயம்' என்று மாற்றுங்கள்.

பனியன்நூல், திருப்பூர் | சனி, இரவு 7.50

படங்களைச் சுருக்கினேன், 1,400-ம் சேர்ந்து 390 எம்பி. கைரேகையை ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. வின்எஸ்சிபியில் கணினியிலிருந்து சர்வருக்கு ஒத்திசைவு. நீக்கும் கட்டத்தில் குறி இல்லை (கரூர் அண்ணாவை நினைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன்). இடையில் வேண்டுமென்றே மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். இணைப்பு போய்விட்டது என்றது, மறுபடி மாட்டியதும் தானாக இணைந்து தொடர்ந்தது. முடிந்த பிறகு இன்னொரு முறை ஒப்பிடச் சொன்னேன், வித்தியாசம் எதுவும் இல்லை என்றது.

ஆனாலும் தளத்தில் 17 படங்கள் வரவே இல்லை. அரையும் இல்லை, முழுதும் இல்லை, வெறும் கட்டம். சர்வரில் கோப்பு இருக்கிறது, அளவும் சரி. அலுவலகக் கணினியிலேயே இருக்கும் பக்கத்தின் பிரதியைத் திறந்தால் தெரிகிறது. தலை சுற்றுகிறது.

ஆனைமலைக்காற்று, பொள்ளாச்சி | சனி, இரவு 8.01

அந்தப் 17-ம் வேறொரு கேமராவில் எடுத்தவையா? கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

பனியன்நூல், திருப்பூர் | சனி, இரவு 8.09

ஆமாம்! படக்காரர் ஒருநாள் வரவில்லை என்று அவருடைய உதவியாளர் தன் கேமராவில் எடுத்தார். எல்லாம் பெரிய எழுத்து. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆனைமலைக்காற்று, பொள்ளாச்சி | சனி, இரவு 8.15

நானும் அடிபட்டவன்தான். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. சர்வர் லினக்ஸ் என்றால் அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். உங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும், சர்வர் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று அனுப்பிவிடுகிறது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றி ஏற்றுங்கள், பழைய 17-ஐக் கையாலேயே நீக்குங்கள். கோப்புப் பெயரில் இடைவெளியும் வேண்டாம்.

பனியன்நூல், திருப்பூர் | ஞாயிறு, காலை 10.20

1,400-ம் தெரிகின்றன. ஜெர்மனிக்கும் எழுதிவிட்டேன். காந்திபுரம் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், வீட்டில் இருக்கும் லினக்ஸ் மடிக்கணினியில் ஃபைல்ஜில்லாவையே வைத்துக்கொள்கிறேன், அலுவலகத்தில் வின்எஸ்சிபி.

கணினிக்கு யுபிஎஸ் இருந்தது, மோடத்துக்குத்தான் இல்லை. இன்வெர்ட்டரில் இருந்த ஒரே காலி இடமும் போய்விட்டதால், முதலாளி அறையின் மின்விசிறியைக் கழற்றிவிட்டு மோடத்தை மாட்டியிருக்கிறேன். நாளை காலை அவர் வருவார்.

காந்திபுரம்24, கோவை | ஞாயிறு, காலை 10.24

அந்த மின்விசிறிக்கும் ஒரு காப்புப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.